வார்டுல ஒருத்தருக்குத் தெரிஞ்சது அடுத்தவங்களுக்கும் போய்ச் சேரணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல மாசத்துக்கு ரெண்டு மூணு தடவையாவது ஏதாவது ஒரு ஊர் ஆஸ்பத்திரி பேரைப் போட்டு சிகிச்சையில அலட்சியம், உறவினர்கள் முற்றுகைன்னு செய்தி வருது, மறுநாள் ஒரு டாக்டரோ ஒரு நர்சோ சஸ்பெண்டு, விசாரணைக் கமிட்டின்னு வருது, அதோட அந்த விஷயம் முடிஞ்சு போயிடுது. நான் தென் மாவட்ட அரசு ஆஸ்பத்திரிகள்ல ஸ்டாஃப் நர்சா சேர்ந்து நர்சிங் சூப்பரின்டெண்டென்டா ரிட்டயர் ஆனவ, நடுவுல கொஞ்ச காலம் நர்சிங் பிள்ளைங்களுக்கு கிளாஸும் எடுத்திருக்கேன். அலட்சியமா இருக்குற ஆளுங்க எல்லா வேலையிலயும் இருக்காங்க, ஆஸ்பத்திரியிலயும் இருக்காங்க, அதை நான் இல்லைன்னு சொல்லல. ஆனா நான் பார்த்த வரைக்கும் வார்டுல தப்பாப் போன கேஸ்கள்ல பெரும்பாலானது யாரோ ஒருத்தர் சும்மா உக்காந்திருந்ததால வந்ததில்ல. விஷயம் யாரோ ஒருத்தருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும், முடிவு எடுக்க வேண்டிய ஆளுக்குத்தான் அது போய்ச் சேர்ந்திருக்காது. ஒருத்தரை சஸ்பெண்டு பண்ணினா அந்த ஓட்டை அடையாது, அடுத்த வாரம் அதே வார்டுல வேற ஒருத்தருக்கு அதே மாதிரி நடக்கும்.

வெளிய இருக்குறவங்களுக்கு வார்டு எப்படி ஓடுதுன்னு தெரியாது, அதனால கொஞ்சம் சொல்றேன். மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரின்னா டாக்டருங்க யூனிட்டு யூனிட்டா இருப்பாங்க, ஒரு சீஃப், அவருக்குக் கீழ அசிஸ்டன்ட் டாக்டருங்க, பிஜி படிக்கிற பிள்ளைங்க, கடைசியா சிஆர்ஆர்ஐன்னு சொல்ற ஹவுஸ் சர்ஜன் பிள்ளைங்க. நர்சுங்க யூனிட்ல வர மாட்டாங்க, வார்டுக்குத்தான் போஸ்டிங். ஒரே வார்டுல ரெண்டு மூணு யூனிட் பேஷண்ட் கலந்து கிடப்பாங்க. காலையில ஒரு யூனிட் ரவுண்ட்ஸ் இந்தக் கோடியில போயிட்டிருக்கும்போது இன்னொரு யூனிட் அந்தக் கோடியில ஆரம்பிச்சிருக்கும், அந்த நேரம்தான் ஊசி போடுற நேரம், லேப் சாம்பிள் அனுப்புற நேரம், டிஸ்சார்ஜ் எழுதுற நேரம் எல்லாமே. ரவுண்ட்ஸ்ல சீஃப் ஒரு மருந்தை நிறுத்தச் சொல்வார், பிஜி கேஸ் ஷீட்டுல எழுதுவார், கேஸ் ஷீட்டு ஸ்கேனுக்குப் பேஷண்டோட போயிடும், நர்சு பதினொரு மணிக்கு அதைத் திருப்பிப் பார்க்கும்போது காலை டோஸ் உள்ள போயிருக்கும். இதுல யாரை சஸ்பெண்டு பண்ணுவீங்க?

இன்னும் எத்தனையோ பேர்கிட்ட விஷயம் இருக்கும். பெட்பேன் எடுக்குற ஆயாம்மாவுக்குத்தான் பேஷண்டுக்கு மோஷன் கருப்பாப் போறது முதல்ல தெரியும், சாப்பாடு குடுக்குற ஆளுக்குத்தான் ரெண்டு நாளா தட்டு அப்படியே திரும்பி வர்றது தெரியும், பிசியோதெரபி பண்ண வர்ற பையனுக்குத்தான் பாட்டி நேத்து நடந்தவங்க இன்னிக்கு நிக்கவே மூச்சு வாங்குறாங்கன்னு தெரியும், கூட இருக்குற மகளுக்குத்தான் அப்பா பேச்சு குழறுறது தெரியும். இவங்க யாரும் ரவுண்ட்ஸ்ல கிடையாது. ஆயாம்மா டாக்டர்கிட்ட போய் சொன்னா உன் வேலையைப் பாருன்னுதான் பதில் வரும், அதையும் நான் கேட்டிருக்கேன். இப்ப துப்புரவு வேலை முக்கால்வாசி காண்ட்ராக்டுக்குப் போயிட்டதால அந்த அம்மாவுக்கு வார்டு சிஸ்டர்கிட்டயே பேசப் பழக்கம் இருக்காது.

முதல் விஷயம் ஓவர் குடுக்குறது. நைட் டியூட்டி முடிச்ச சிஸ்டர் காலை டியூட்டி சிஸ்டர்கிட்ட வார்டை ஒப்படைக்கிறதைத்தான் ஓவர் குடுக்குறதுன்னு நாங்க சொல்வோம். நிறைய இடத்துல அது மேஜைகிட்ட நின்னுகிட்டு ரிப்போர்ட் புக்கைப் படிக்கிறதோட முடியுது, இத்தனை பேர் மொத்தம், ரெண்டு அட்மிஷன், ஒரு டெத்து, மத்தவங்க ஸ்டேபிள், கையெழுத்து, பஸ்ஸுக்கு நேரமாச்சு. அந்த ஸ்டேபிள்னு சொன்னதுல யாரு நிஜமாவே நல்லா இருக்காங்க, யாரு விடியக்காலை நாலு மணிக்கு மேல கொஞ்சம் அசதியாக் கிடக்குறாங்கன்னு யாரும் பிரிச்சுச் சொல்றதில்ல. டாக்டருங்க பக்கம் இதைவிட மோசம், அவங்களுக்கு ரிப்போர்ட் புக்கும் இல்ல, மாடிப்படியில போன்ல சொல்றது, இல்லைன்னா வாட்ஸ்அப் குரூப்ல நாலு வரி, அந்தக் குரூப்ல வார்டு நர்சு இருக்க மாட்டாங்க.

அமெரிக்கா, கனடாவுல ஒன்பது குழந்தைங்க ஆஸ்பத்திரியில ஐ-பாஸ்னு ஒரு முறையைக் கொண்டுவந்து முன்னயும் பின்னயும் கணக்கெடுத்துப் பார்த்தாங்க, 2014ல அது வெளிவந்துச்சு, 10,740 அட்மிஷனைப் பார்த்தாங்க. ஒப்படைக்கிற டாக்டர் ஒவ்வொரு குழந்தைக்கும் எவ்வளவு சீரியஸ், சுருக்கமா கதை என்ன, இனிமே செய்ய வேண்டியது என்ன, ராத்திரி இப்படி ஆனா என்ன பண்ணணும்னு இந்த வரிசையிலதான் சொல்லணும், வாங்குறவர் அதைத் திருப்பிச் சொல்லணும். அவ்வளவுதான். மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைஞ்சுது, தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதம் குறைஞ்சுது, அதைவிட எனக்குப் பெருசாப்பட்டது என்னன்னா ஓவர் குடுக்குற நேரம் கூடவே இல்ல, ஒரு பேஷண்டுக்கு ரெண்டரை நிமிஷத்துக்குள்ளதான் ஆச்சு, முன்னாடியும் அவ்வளவுதான் ஆச்சு. நேரமில்லைன்னு நம்ம ஆளுங்க சொல்றதுக்கு இதைவிடப் பெரிய பதில் இல்ல. நம்ம வார்டுல அம்பது பேர் கிடப்பாங்க, அத்தனை பேருக்கும் ரெண்டரை நிமிஷம் முடியாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா சீரியஸா இருக்குற ஏழெட்டு பேர் கட்டிலுகிட்ட ரெண்டு டியூட்டி சிஸ்டரும் டியூட்டி டாக்டரும் சேர்ந்து நின்னு, டிரிப்ஸ் பாட்டிலையும் யூரின் பையையும் கண்ணால பார்த்து ஒப்படைக்க முடியும், நான் இருந்த ஒரு வார்டுல ஒரு நல்ல அசிஸ்டன்ட் டாக்டர் இருந்த வரைக்கும் அப்படித்தான் நடந்துச்சு, அவங்க டிரான்ஸ்ஃபர்ல போனதும் நின்னு போச்சு. ஒரு ஆளோட நல்ல குணத்தை நம்பி இருக்குற பழக்கம் அந்த ஆளோடவே போயிடும், ஆர்டராப் போட்டாத்தான் நிக்கும்.

ராத்திரி போன் பண்றது அடுத்த பிரச்சனை. சின்ன வயசு சிஸ்டருங்க டியூட்டி டாக்டருக்குப் போன் பண்ணி, சார் பதினேழாம் பெட் பேஷண்ட் கொஞ்சம் டல்லா இருக்காருன்னு சொல்வாங்க, அந்தப் பக்கம் முந்தின நாள் காலையிலேர்ந்து தூங்காத ஒரு பிஜி பையன், சரி பார்க்குறேன் சிஸ்டர்னு வச்சிடுவான். ரெண்டு பேர் மேலயும் தப்பு சொல்ல முடியாது. அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிக் கப்பல்ல தகவல் சொல்ல வச்சிருந்த ஒரு முறையை எடுத்து அங்க உள்ள ஆஸ்பத்திரிகள்ல பழக்கினாங்க, எஸ்பார்னு சொல்வாங்க, இப்ப உலகம் முழுக்க நர்சிங்ல சொல்லிக்குடுக்குறாங்க, நானும் பிள்ளைங்களுக்குத் தமிழ்ல இப்படித்தான் சொல்லிக்குடுத்தேன்: இப்ப என்ன நடக்குது, முன்னாடி கதை என்ன, எனக்கு என்ன தோணுது, நீங்க என்ன செய்யணும். அதாவது, சார், பதினேழாம் பெட், வயித்து ஆபரேஷன் ஆகி ரெண்டாவது நாள், சாயங்காலம் பல்ஸ் 90 இருந்தது இப்ப 124, பிபி 90க்கு 60, மூச்சு நிமிஷத்துக்கு 28, ஆறு மணி நேரமா யூரின் ரொம்பக் கம்மி, எனக்கு இன்ஃபெக்ஷனோ உள்ள ரத்தக்கசிவோன்னு பயமா இருக்கு, நீங்க இப்பவே வந்து பார்க்கணும். இப்படிச் சொன்னா எந்த டாக்டரும் படுத்துக்கிட்டு இருக்க மாட்டார்.

இதுல எனக்கு என்ன தோணுதுங்குற பாகத்தைத்தான் நம்ம பிள்ளைங்க சொல்ல மாட்டாங்க. டயக்னோஸ் பண்றதுக்கு நீ யாருன்னு ஒரு தடவை கேட்டிருப்பாங்க, அதுக்கப்புறம் வாழ்க்கை முழுக்க நம்பரை மட்டும் சொல்லிட்டு நிறுத்திக்குவாங்க. அந்த நம்பரும் சரியா இருக்கணும், நம்ம ஊர் சார்ட்டுல பாதிப் பேருக்கு மூச்சு எண்ணிக்கை 18, 20ன்னே எழுதியிருக்கும், ஒரு நிமிஷம் நெஞ்சைப் பார்த்து எண்ணி எழுதினதா அதுன்னு பார்த்தாலே தெரிஞ்சுடும். உடம்பு மோசமாகப் போகுதுன்னா பல நேரம் முதல்ல மாறுறதே மூச்சுதான். இங்கிலாந்துல 2012லேர்ந்து நியூஸ்னு ஒரு ஸ்கோர் வச்சிருக்காங்க, மூச்சு, ஆக்சிஜன், பிபி, பல்ஸ், நினைவு, டெம்பரேச்சர் இதுக்கெல்லாம் மார்க் போட்டு, மொத்தம் 5 வந்தா அவசரமா டாக்டர் பார்க்கணும், 7 வந்தா எமர்ஜென்சி டீமே வரணும். நர்சு தன் பயத்தை நிரூபிக்க வேண்டியதில்ல, ஸ்கோரே கூப்பிடும். இதுக்கு மிஷின் எதுவும் புதுசா வேண்டாம், ஒரு பிரிண்ட் போட்ட சார்ட்டும் அதை மதிக்கிற மனசும் போதும்.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, இங்கிலாந்துல 2005 மார்ச்ல எலைன் புரொமிலின்னு ஒரு அம்மா, 37 வயசு, ரெண்டு குழந்தைங்க, சைனஸ் ஆபரேஷனுக்குப் போனாங்க. மயக்க மருந்து குடுத்ததும் மூச்சுக்குழாய்ல டியூப் போட முடியல, மாஸ்க் வச்சும் காத்து போகல. மூணு அனுபவசாலி டாக்டருங்க சுத்தி நின்னு டியூப் போடவே திரும்பத் திரும்ப முயற்சி பண்ணிட்டிருந்தாங்க. அப்ப ஒரு நர்சு கழுத்துல துளை போடுற டிரக்கியாஸ்டமி செட்டைக் கொண்டாந்து வச்சு, செட்டு ரெடியா இருக்குன்னு சொன்னாங்க. இன்னொரு நர்சு ஐசியூவுக்குப் போன் பண்ணி பெட் சொல்லி வச்சாங்க, டாக்டருங்க பார்த்த பார்வையில நாமதான் மிகைப்படுத்திட்டோம்போலன்னு அதைக் கேன்சல் பண்ணிட்டாங்க. அந்த அம்மா பதிமூணு நாள் கழிச்சு இறந்துட்டாங்க. அந்த ரூம்ல என்ன செய்யணும்னு தெரிஞ்சவங்க இருந்தாங்க, சாமானும் இருந்துச்சு. அவங்க வீட்டுக்காரர் மார்ட்டின் புரொமிலி விமானம் ஓட்டுறவர், யாரையும் ஜெயிலுக்கு அனுப்புங்கன்னு அவர் கேக்கல, விமானத்துறையில ஒரு விபத்து நடந்தா எப்படி விசாரிப்பாங்களோ அப்படி இதையும் விசாரிங்கன்னு கேட்டார், 2007ல இதுக்குன்னே ஒரு அமைப்பும் ஆரம்பிச்சார். விமானத்துல கேப்டனைப் பார்த்து சார் இது தப்புன்னு சொல்ல ஜூனியருக்குப் பயிற்சியே குடுக்குறாங்க, 1977ல ஸ்பெயினோட டெனரீஃப் தீவுல ரெண்டு விமானம் ரன்வேயில மோதி 583 பேர் செத்த மாதிரியான விபத்துகளுக்கு அப்புறம் வந்த பாடம் அது. ஆபரேஷன் தியேட்டர்ல நம்ம பிள்ளைங்களுக்கு அப்படி ஒரு வகுப்பு எத்தனை இடத்துல நடக்குது?

செக்லிஸ்ட் பத்தியும் சொல்லியாகணும், ஏன்னா எதுக்கெடுத்தாலும் இப்ப ஒரு ஃபார்ம் போட்டுட்டா வேலை முடிஞ்சதுன்னு மேல உள்ளவங்க நினைக்குறாங்க. உலக சுகாதார நிறுவனம் 2008ல ஆபரேஷனுக்கு 19 விஷயம் உள்ள ஒரு செக்லிஸ்ட் கொண்டுவந்துச்சு, எட்டு நாட்டுல எட்டு ஊர்ல பரிசோதிச்சுப் பார்த்தாங்க, அதுல நம்ம டெல்லியும் ஒண்ணு, இறப்பு 1.5 சதவீதத்துலேர்ந்து 0.8க்கு வந்துச்சு, சிக்கல்கள் 11லேர்ந்து 7 சதவீதமாச்சு. அப்புறம் கனடாவுல ஒன்டாரியோ மாகாணம் எல்லா ஆஸ்பத்திரிக்கும் அதைக் கட்டாயமாக்குச்சு, 101 ஆஸ்பத்திரி கணக்கை எடுத்துப் பார்த்தா குறிப்பிடும்படியா எந்த மாற்றமும் இல்ல. நம்ம உத்தரப்பிரதேசத்துல 120 ஆஸ்பத்திரியை எடுத்து, அதுல பாதியில பிரசவத்துக்கு ஒரு செக்லிஸ்ட் வச்சு, பக்கத்துல நின்னு சொல்லியும் குடுத்து, மத்த பாதியோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க, 2017ல முடிவு வந்துச்சு, நர்சுங்க செய்யுற முறை நல்லா முன்னேறுச்சு, ஆனா தாய் சேய் இறப்பு குறையல. ஏன்னு யோசிச்சா எனக்குத் தோணுறது, ஒருத்தர் தன் கையில உள்ளதைச் சரியா செஞ்சாலும் அடுத்து கூப்பிட்டா வர்ற டாக்டர், ரத்தம், ஆம்புலன்ஸ், பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் ஒரே கயிறா இருக்கணும், அது இல்லைன்னா பேப்பர்ல டிக் அடிச்சது டிக்காவே நிக்கும். தியேட்டர்ல கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் அவங்கவங்க பேரையும் வேலையையும் சத்தமாச் சொல்லணும்னு அந்த லிஸ்ட்டுல இருக்கு, நிறைய இடத்துல இதைத்தான் முதல்ல விட்டுடுறாங்க, வெட்கமா இருக்காம். எனக்கு அந்த லிஸ்ட்டுலயே முக்கியமானது அதுதான்னு தோணும், ஆரம்பத்துல ஒரு தடவை வாயைத் திறந்த சிஸ்டர் நடுவுல பஞ்சு கணக்கு இடிக்கும்போதும் திறப்பாங்க. அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல ஐசியூ பேஷண்டுங்களுக்குப் பெரிய ரத்தக்குழாய்ல டியூப் போடும்போது வர்ற கிருமித் தொற்றைக் குறைக்க கை கழுவுறதுலேர்ந்து அஞ்சு விஷயம் வச்சாங்க, 103 ஐசியூ கணக்கு 2006ல வந்துச்சு, அதுல எமர்ஜென்சி இல்லாத நேரத்துல டாக்டர் ஒரு ஸ்டெப்பை விட்டுட்டா நர்சே அவரை நிறுத்தலாம்னு மேலிடமே சொல்லி வச்சிருந்தாங்க. அந்த உரிமை சேர்ந்த லிஸ்ட்டுதான் வேலை செய்யுது.

மருந்து விஷயத்துல ஒரே ஒரு உதாரணம் சொல்றேன், இது வீட்டுல இருக்குறவங்களுக்கும் உதவும். இன்சுலின் நம்ம நாட்டுல ரெண்டு அளவுல வருது, ஒரு மில்லிக்கு 40 யூனிட், இன்னொண்ணு 100 யூனிட். ஊசியும் ரெண்டு, 40க்கு சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. அரசு ஆஸ்பத்திரியில வழக்கமா 40 யூனிட் பாட்டில், பேஷண்ட் வீட்டுலேர்ந்து கொண்டு வர்றது 100ஆ இருக்கலாம், ஊசி மாறிட்டா ரெண்டரை மடங்கு கூடவோ குறையவோ போயிடும், கூடப் போனா சுகர் இறங்கி மயக்கம், உயிருக்கே ஆபத்து. டாக்டர் எழுதுறது யூனிட் கணக்கு மட்டும்தான், எந்தப் பாட்டில்னு அவருக்குத் தெரியாது, பார்மசியில குடுத்தவருக்கு எந்த ஊசின்னு தெரியாது, போடுற சிஸ்டர் பிஸி, கூட இருக்குற மகனுக்கு மட்டும் நாங்க வீட்டுல ஆரஞ்சு மூடிதானே போடுவோம்னு தோணும், அவன் கேக்க பயப்படுவான். பத்து யூனிட்னு எழுதும்போது பத்துக்குப் பக்கத்துல இங்கிலீஷ் யூ எழுத்தை ஒட்டிப் போட்டு அது சைபரா தெரிஞ்சு நூறான கதையும் உலகம் முழுக்க உண்டு. போன்ல ஆர்டர் சொன்னா வாங்குறவங்க பேரு, மருந்து, அளவு மூணையும் திருப்பிச் சொல்லி ஆமான்னு வாங்கிட்டுத்தான் போடணும், ஒரு டாக்டர் அதுக்கு எரிஞ்சு விழுந்தா அந்த டாக்டரைத்தான் கூப்பிட்டுப் பேசணும்.

கூட இருக்குற அட்டெண்டருங்க விஷயத்துல எங்க நர்சுங்க மேலயே எனக்குக் கோபம் உண்டு. வெளிய போங்க, எத்தனை தடவை கேப்பீங்கன்னு கத்துறது எங்க வார்டுகள்ல சாதாரணம், வேலைப்பளுன்னாலும் அதை நியாயப்படுத்த முடியாது. லண்டன்ல 2021ல மார்த்தா மில்ஸ்னு 13 வயசுப் பொண்ணு, சைக்கிள்லேர்ந்து விழுந்து கணையத்துல அடி, பெரிய ஆஸ்பத்திரிதான், அப்புறம் கிருமித் தொற்று உடம்பு முழுக்கப் பாதிக்கிற செப்சிஸ் வந்துச்சு, அம்மா அப்பா பொண்ணு மோசமாகுதுன்னு சொல்லிட்டே இருந்தாங்க, யாரும் காதுல வாங்கல, பொண்ணு போயிடுச்சு. முன்னாடியே ஐசியூவுக்கு மாத்தியிருந்தா பிழைச்சிருக்க வாய்ப்பு அதிகம்னு மரண விசாரணையிலயே சொன்னாங்க. அவங்க அம்மா அப்பா போராடினதுல மார்த்தா விதின்னு ஒண்ணு வந்துச்சு, 2024ல முதல் கட்டமா இங்கிலாந்துல 143 ஆஸ்பத்திரியில. பேஷண்டோட உறவினரே வேற ஒரு டீமைக் கூப்பிட்டு வந்து பாருங்கன்னு எந்த நேரமும் கேக்கலாம், அதுக்கு நம்பரை வார்டுல ஒட்டி வைக்கணும், தினமும் பேஷண்ட்கிட்ட நேத்தைக்கு இன்னிக்கு எப்படி இருக்குன்னு கேட்டு எழுதணும்.

நம்ம ஊர்ல அட்டெண்டர் ராத்திரி பகலாத் தரையில படுத்துக்கிட்டு கூடவே கிடக்குறாங்க, பேஷண்டை அவங்களைவிட அதிகம் பார்த்தவங்க யாரு? 2024 நவம்பர்ல சென்னை கிண்டி அரசு ஆஸ்பத்திரியில புற்றுநோய் டாக்டரை ஒரு நோயாளியோட மகன் கத்தியால குத்தினப்ப நாங்க எல்லாரும் பதறிப்போனோம். அந்தச் செயலுக்கு எந்த நியாயமும் கிடையாது. அதுக்கப்புறம் போலீஸ், கேமரான்னு பேச்சு வந்துச்சு, அதெல்லாம் வேணும்தான். அதோட சேர்த்து, ஒவ்வொரு பேஷண்ட் குடும்பத்துக்கும் தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்துல, நடைபாதையில இல்லாம ஒரு நாற்காலி போட்டு, டாக்டரும் சிஸ்டரும் சேர்ந்து அஞ்சு நிமிஷம் என்ன நடக்குதுன்னு சொல்லணும்னு யாரும் பேசல. டாக்டர் ஒண்ணு சொல்லி, சிஸ்டர் ஒண்ணு சொல்லி, பக்கத்துப் பெட்காரர் ஒண்ணு சொன்னாத்தான் சந்தேகமே வருது.

இதெல்லாம் எழுதினா ஆள் எங்க இருக்குன்னு கேப்பாங்க, நியாயமான கேள்வி. இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில மூணு பேஷண்டுக்கு ஒரு நர்சு இருக்கணும், ஆனா நைட்ல நாப்பது அம்பது பேருக்கு ஒருத்தரா நின்ன காலத்தை நானே பார்த்திருக்கேன். பிஜி டாக்டருங்களுக்குத் தொடர்ச்சியா 12 மணி நேரத்துக்கு மேல டியூட்டி கூடாதுன்னு மத்திய அரசு 1992லயே சொல்லியாச்சு, 36 மணி நேரம் நிக்கிற பிள்ளைங்க இன்னமும் இருக்காங்க. 2015ல தேர்வு எழுதி தொகுப்பூதியத்துல வந்த நர்சுப் பிள்ளைங்க 7,700 ரூபாய்க்கு வேலை பார்த்தாங்க, அப்புறம் கூட்டிக் குடுத்தாங்க, ஆனா நிரந்தரமாகாத ஒரு பொண்ணு சீஃபைப் பார்த்து, சார் இந்த டோஸ் அதிகம்னு எப்படி சொல்லும்? ஆளைப் போடுறதும் நிரந்தரம் பண்றதும் பேஷண்ட் பாதுகாப்போட ஒட்டின விஷயம்தான், அதைத் தனியா சம்பளக் கோரிக்கைன்னு ஒதுக்குறது தப்பு. அதுவரைக்கும் கையைக் கட்டிட்டு நிக்கணுமான்னுதான் நான் கேக்குறேன், ஆள் குறைவா இருக்குற இடத்துலதான் ஒருத்தருக்குத் தெரிஞ்சது அடுத்தவருக்குத் தெரியுறது ரொம்ப அவசியம்.

இது நம்மால முடியாத காரியமும் இல்ல. தமிழ்நாட்டுல 2001-03ல ஒரு லட்சம் பிரசவத்துக்கு 134 தாய்மார் இறந்தாங்க, 2018-20 கணக்குல அது 54, நாடு முழுக்க 97. ஆரம்ப சுகாதார நிலையத்துல மூணு ஸ்டாஃப் நர்சு போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்த்தது, 108 ஆம்புலன்ஸ், பெரிய ஆஸ்பத்திரியில சிக்கலான பிரசவத்தையும் பிறந்த குழந்தையையும் அவசரமாப் பார்க்க எப்பவும் தயாரா இருக்குற சீமாங்க் சென்டர், இதெல்லாம் காரணம். அதோட இன்னொண்ணு, ஒவ்வொரு தாய் இறப்பையும் வீட்டுலேர்ந்து கடைசி ஆஸ்பத்திரி வரைக்கும் எங்க எங்க தாமதமாச்சுன்னு கலெக்டர் முன்னாடி உக்காந்து ஆராய்ஞ்சது. கிராம நர்சம்மா சொல்றதும் பெரிய டாக்டர் சொல்றதும் ஒரே மேஜைக்கு வந்துச்சு. விபத்து கேஸ்லயும் இப்ப நல்ல மாற்றம், எவ்வளவு சீரியஸ்ங்கறதை வச்சு சிவப்பு மஞ்சள் பச்சைன்னு பிரிச்சு, 108லேர்ந்தே முன்கூட்டி தகவல் குடுத்து டீம் ரெடியா நிக்குது. அதே பழக்கத்தை சாதாரண மெடிசின் வார்டுக்கும் சர்ஜரி வார்டுக்கும் கொண்டாரச் சொல்றேன், செத்த பிறகு மட்டுமில்ல, மயிரிழையில தப்பிச்ச கேஸையும் வாரம் ஒருநாள் டாக்டர், நர்சு, பார்மசிஸ்ட், லேப், ஆயாம்மா எல்லாரும் உக்காந்து பேசணும், பேசினதுக்காக யாருக்கும் மெமோ குடுக்கக் கூடாது. மெமோ ஒண்ணு வந்துட்டா அடுத்த வாரம் ஒரு கேஸும் வராது, எல்லாம் சரியா நடக்குதுன்னு ரிப்போர்ட் போகும்.

சுகாதாரத்துறையில இருக்குறவங்க இந்தக் கடிதத்தைப் பார்த்தா ஒரு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில ஒரு வார்டை எடுத்து ஆறு மாசம் செஞ்சு பார்க்கச் சொல்லுங்க: சீரியஸ் பேஷண்ட் கட்டிலுகிட்ட சேர்ந்து ஓவர் குடுக்குறது, ரவுண்ட்ஸ்ல அந்த வார்டு சிஸ்டர் ஒருத்தர் கட்டாயம் இருக்குறது, அதுக்காக அந்த அரை மணி நேரம் அவங்களுக்கு ஊசி டியூட்டி இல்லாம பண்றது, அட்டெண்டருக்கு தினம் அஞ்சு நிமிஷம், ராத்திரி கூப்பிட ஒரு நம்பர். செலவு ஒண்ணும் பெருசா இல்ல. நிருபர் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள், அடுத்த தடவை இப்படி ஒரு செய்தி வரும்போது யாரு டியூட்டியில இருந்தாங்கன்னு கேக்குறதோட, அந்த ஷிஃப்டுல எத்தனை பேஷண்டுக்கு எத்தனை நர்சு, முந்தின ஷிஃப்டு என்ன சொல்லி ஒப்படைச்சாங்க, குடும்பத்துக்காரங்க எத்தனை மணிக்கு யார்கிட்ட சொன்னாங்கன்னும் கேட்டு எழுதுங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நர்சிங் சூப்பரின்டெண்டென்ட்,
மதுரை மாவட்டம்.